ஃபாஸ்ட் சார்ஜர் இல்லாத பனிமலைக்கு மின்காரில் போவது எப்படி?

மின்கார் வாங்கிய முதல் குளிர்காலத்தில் ஸ்கீ விளையாடப் போனோம். மலைமேல் விடுதி வாசலில் போய் நின்றபோது பேட்டரியில் 19 சதவீதம்தான் மிச்சம். கூரைமேல் பெட்டி, உள்ளே நான்கு பேர், வெளியே மைனஸ் 11 டிகிரி. அந்த ஊருக்கே ஒரே ஒரு ஃபாஸ்ட் சார்ஜர், அதன் முன்னால் ஐந்து கார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வரிசையில் கிடந்து, சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து காரை நிறுத்தினேன். அப்புறம் அந்தக் கார் நாற்பது மணி நேரம் அசையாமல் பனிக்குள் நின்றது. அது நின்ற இடத்திலிருந்து பத்து அடி தூரத்தில், மரச்சுவரில், மூடி போட்ட ஒரு சாதாரண சாக்கெட் இருந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

ஸ்கீ பயணத்தில் கார் ஓடுவது கொஞ்ச நேரம், நிற்பதுதான் அதிக நேரம். பகலில் நாம் பனியில் சறுக்கும் ஆறேழு மணி நேரம் சும்மா நிற்கிறது. இரவில் பன்னிரண்டு மணி நேரம் சும்மா நிற்கிறது. அந்த நேரத்தில் சொட்டுச் சொட்டாக ஏறினாலே போதும். அதனால் புதிதாகப் போகிறவர்கள் முதலில் தேட வேண்டியது ஃபாஸ்ட் சார்ஜரை அல்ல, கார் நிற்கப்போகும் இடத்தில் ஏதாவது ஒரு மின்இணைப்பை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

1. முதலில் ஒரு கணக்கு

கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள். குளிரிலும் ஏற்றத்திலும் கார் காட்டும் கிலோமீட்டர் பொய் சொல்லும். வீட்டு மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட்டில் போடுங்கள். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடுவது. உங்கள் பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய அளவு எத்தனை யூனிட் என்று காரின் விவரக்குறிப்பில் இருக்கும். இங்கே 60 என்று வைத்துக்கொள்வோம்.

குளிர் எவ்வளவு தின்னும்? இதற்கு ஆளுக்கொரு எண் சொல்வார்கள். அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2019-ல் வெளியிட்ட சோதனையில், மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டர் ஓட்டியபோது ரேஞ்ச், அதாவது ஒரு முழுச் சார்ஜில் கார் ஓடும் தூரம், சராசரியாக 41 சதவீதம் குறைந்தது. நார்வேயின் வாகன ஓட்டிகள் சங்கம் 2020 குளிர்காலத்தில் 20 கார்களை ஓட்டிப் பார்த்ததில், அறிவிக்கப்பட்ட ரேஞ்சைவிடச் சராசரியாக 18.5 சதவீதம்தான் குறைந்தது. இரண்டுமே சரிதான். முதலாவது குளிரூட்டிய ஆய்வகத்தில், கடுங்குளிரில் நடந்தது. இரண்டாவது நிஜச் சாலையில், பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் நடந்தது. நாம் கவனிக்க வேண்டியது ஏஏஏ சோதனையில் அதிகம் பேசப்படாத இன்னொரு எண்ணை. அதே மைனஸ் 7-ல் ஹீட்டரை அணைத்தபோது இழப்பு வெறும் 12 சதவீதம். அதாவது ரேஞ்சைத் தின்பது பேட்டரியின் குளிரைவிட நம்முடைய குளிர்தான்.

அடுத்து ஏற்றம். இது சுத்தமான பள்ளிக்கூட இயற்பியல். ஆட்களும் சாமான்களுமாக இரண்டு டன் எடையுள்ள காரை 100 மீட்டர் உயரம் ஏற்ற, வழியில் ஆகும் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 0.6 யூனிட் ஆகும். 1000 மீட்டருக்கு 6 யூனிட். இது சமதளத்தில் அந்தத் தூரம் ஓட ஆகும் செலவுக்கு மேல் கூடுதலாக ஆவது. நல்ல செய்தி என்னவென்றால், இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்துத் தருவதால் இதில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும்.

சரி, ஒரு பயணத்தைப் போட்டுப் பார்ப்போம். மலையடிவாரத்தில் கடைசி ஃபாஸ்ட் சார்ஜர். அங்கிருந்து விடுதிக்கு 40 கிலோமீட்டர், 1200 மீட்டர் ஏற்றம். மேலே மூன்று நாள். விடுதிக்கும், சறுக்குபவர்களைச் சரிவின் மேலே ஏற்றிவிடும் ஸ்கீ லிஃப்டுக்கும் தினமும் போக வர 10 கிலோமீட்டர்.

மேலே ஏற: தூரத்துக்கு 9 யூனிட், உயரத்துக்கு 7, ஆக 16. தினசரி போக்குவரத்து: தூரம் குறைவுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் உறைந்து கிடக்கும் காரைச் சூடாக்க வேண்டும், நாளுக்கு 3.5 வீதம் பத்து யூனிட் என்று வையுங்கள். மூன்று இரவு சும்மா நிற்பதில் போவது 3. கீழே இறங்க, திரும்பக் கிடைப்பதைக் கழித்து 5. கூட்டினால் 34. இதற்கு மேல் 20 சதவீதம், அதாவது 12 யூனிட், தொடாமல் வைக்கும் கையிருப்பு. மொத்தம் 46. அறுபதில் இது 77 சதவீதம்.

இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். அடிவாரத்தில் 80 சதவீதத்தோடு கிளம்பினால், மேலே ஒரு பிளக் கூட இல்லாவிட்டாலும் மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் கூரைமேல் பெட்டி இருந்து, மைனஸ் 15-க்கும் போனால், அந்த 34-ஐ 25 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போது மொத்தம் 55-ஐ நெருங்கும், 91 சதவீதம். இப்போதுதான் விடுதிச் சுவரில் இருக்கும் அந்தச் சாக்கெட்டின் அருமை தெரியும்.

2. விடுதியைக் கூப்பிட்டுக் கேளுங்கள்

முன்பதிவுத் தளத்தில் ‘மின்கார் சார்ஜிங் உண்டு’ என்று போட்டிருந்தால் அதை நம்பி மட்டும் போகாதீர்கள். பக்கத்துத் தெருவில் பொதுச் சார்ஜர் இருந்தாலே அப்படிப் போட்டுவிடுபவர்கள் உண்டு. தொலைபேசியில் கூப்பிட்டு, கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள்: கார் நிற்கும் இடத்துக்கு எட்டும்படி சாக்கெட் இருக்கிறதா? எத்தனை ஆம்பியர்? அது தனி இணைப்பா, அல்லது அறை ஹீட்டரோடு சேர்ந்ததா? மெயின் போர்டு எங்கே, இரவில் ட்ரிப் ஆனால் நானே போட்டுக்கொள்ளலாமா? அந்த இடத்தில் பனி வாருகிறார்களா? மின்சாரத்துக்கு எவ்வளவு தர வேண்டும்? கடைசிக் கேள்வியை நீங்களே எடுத்துவிடுவது நல்லது. காசு தருகிறேன் என்று முதலிலேயே சொல்பவருக்கு, தயங்குகிற உரிமையாளரும் சாக்கெட்டைக் காட்டிவிடுவார்.

எந்த இணைப்பு எவ்வளவு தரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். 230 வோல்ட் நாடுகளில் சாதாரண பிளக்கில் 10 ஆம்பியர் இழுத்தால் 2.3 கிலோவாட். பன்னிரண்டு மணி நேரத்தில் சுவரிலிருந்து 27 யூனிட் வரும், சேதாரம் போக 22 யூனிட் அளவுக்குப் பேட்டரிக்குள் போகும். மேலே போட்ட கணக்கில், இப்படி ஒரே ஓர் இரவு கிடைத்தால் கவலையே இல்லை. 120 வோல்ட் நாடுகளில் 12 ஆம்பியருக்கு 1.4 கிலோவாட்தான். கடுங்குளிரில் அது பேட்டரியைச் சூடாக வைக்கவே சரியாகப் போய்விடலாம். காலையில் பார்த்தால் சதவீதம் நகர்ந்தே இருக்காது. அங்கெல்லாம் 240 வோல்ட் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். முகாம் வண்டிகளுக்கும் பெரிய இயந்திரங்களுக்கும் வைத்திருக்கும் தடித்த சாக்கெட்டுகள் பல மலை ஊர்களில் உண்டு. அதற்குப் பொருந்தும் பிளக் உங்கள் சார்ஜருக்குக் கிடைக்குமா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

விடுதியில் எதுவுமே இல்லை என்றால் அடுத்த இடம் லிஃப்டின் வாகன நிறுத்தம். அங்கே 7 கிலோவாட் அல்லது 11 கிலோவாட் சார்ஜிங் கம்பம் இருந்தால், நீங்கள் சறுக்கும் ஆறு மணி நேரத்தில் 40 யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும். இதை யாரும் ‘ஃபாஸ்ட்’ என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் ஸ்கீ பயணத்துக்கு இதைவிட வசதியான சார்ஜர் கிடையாது. காலையில் சீக்கிரம் போனால்தான் இடம் கிடைக்கும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். பல இடங்களில் கம்பத்தில் சாக்கெட் மட்டும்தான் இருக்கும், கேபிள் நாம் கொண்டுபோக வேண்டும்.

3. அடிவாரத்துச் சார்ஜர்

மலை ஏறும் முன் வரும் கடைசி நல்ல சார்ஜர் எது, அது பழுதானால் அடுத்தது எது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிளக்‌ஷேர் போன்ற செயலிகளில் பயனர்கள் போட்ட கடைசிக் குறிப்புகளைப் படியுங்கள். ஜூலையில் ‘அருமை’ என்று எழுதியிருப்பது ஜனவரிக்கு உதவாது. சாலையில் வாரிய பனியையெல்லாம் சார்ஜர் முன்னாலேயே குவித்து வைத்திருப்பார்கள். குளிர்காலப் படம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எ பெட்டர் ரூட் பிளானர் என்ற செயலியில் வெப்பநிலை, சுமை, சாலையின் நிலை எல்லாம் கொடுத்துத் திட்டம் போடலாம். அதில் காட்டுவதற்கு மேல் பத்து சதவீதம் கூட வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். குளிர்ந்த பேட்டரி வேகமாகச் சார்ஜ் ஆகாது. உறைகுளிரில் லித்தியம் அயனிகள் பேட்டரியின் கிராஃபைட் மின்முனைக்குள் நுழைய மெதுவாகும். அப்போது வேகமாகத் திணித்தால் அவை உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுக்கும். அதனால் கார் தானே வேகத்தைக் குறைத்துவிடும். 150 கிலோவாட் என்று எழுதியிருக்கும் சார்ஜரில் 40-ஐக்கூடத் தொடாமல் நிற்பதைப் பார்த்துச் சார்ஜரைத் திட்டுபவர்கள் உண்டு. குற்றம் சார்ஜர் மேல் இல்லை.

வழி எளிது. காரின் திரையில் உள்ள வழிகாட்டியில் அந்தச் சார்ஜரையே போகும் இடமாகப் போடுங்கள். பெரும்பாலான புதிய கார்கள் அதைப் பார்த்துப் போகிற வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கும். செல்பேசியில் வரைபடம் போட்டுக்கொண்டு ஓட்டினால் காருக்கு இது தெரியாது. இந்த வசதி இல்லாத பழைய கார் என்றால், நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடிய உடனே, பேட்டரி வெதுவெதுப்பாக இருக்கும்போதே சார்ஜ் போடுங்கள். ‘இன்றைக்கு அடிவாரத்தில் தங்கி, காலையில் எழுந்து போட்டுக்கொள்ளலாம்’ என்பது மோசமான திட்டம். பேட்டரி 10, 15 சதவீதத்தில் போய்ச் சேர்ந்தால் வேகம் நன்றாக இருக்கும். 80-க்கு மேல் எப்படியும் நத்தை வேகம்தான்.

விடுமுறைக் கூட்டம் ஏறும் மாலையில் எல்லோரும் இதே கடைசிச் சார்ஜரில்தான் நிற்பார்கள். அதற்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே போட்டுக்கொள்பவர்கள் புத்திசாலிகள்.

4. சாமான்

ஸ்கீ கட்டைகளை முடிந்தவரை காருக்குள் வையுங்கள். பின்னிருக்கையின் ஒரு பகுதியை மடக்கினால் நான்கு ஜோடி உள்ளே போய்விடும். கூரைப் பெட்டி நெடுஞ்சாலையில் சாதாரணமாகவே பத்து முதல் இருபது சதவீதம் கூடுதலாகத் தின்னும். கூடவே இன்னொன்று: மைனஸ் 10 டிகிரியில் காற்று, 20 டிகிரியில் இருப்பதைவிடப் பதினொரு சதவீதம் அடர்த்தி. அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டுதான் பெட்டி போக வேண்டும். பெட்டி இல்லாமல் முடியாது என்றால் வேகத்தைக் குறையுங்கள். 120-லிருந்து 100-க்கு இறங்கினாலே காற்றுத் தடை முப்பது சதவீதம் குறைகிறது.

மற்றபடி காரில் இருக்க வேண்டியவை: சாதாரண பிளக்கில் போடும் கைச்சார்ஜர், பொதுக் கம்பத்துக்கான கேபிள், தடித்த எக்ஸ்டென்ஷன் வயர், மண்வாரி, பனி துடைக்கும் பிரஷ், உங்கள் காருக்குப் பொருந்தும் டயர் சங்கிலி, மைனஸ் 20-க்கும் உறையாத வைப்பர் தண்ணீர், கம்பளிப் போர்வை. சங்கிலியை எந்தச் சக்கரத்தில் மாட்டலாம் என்று கையேட்டில் பாருங்கள். சில மின்கார்களில் ஒரு அச்சில் மட்டும்தான் அனுமதி. வீட்டு வாசலில் ஒரு முறை மாட்டிப் பழகிவிடுங்கள். இருட்டில், பனிக்காற்றில், கையுறையோடு முதல்முறை கற்றுக்கொள்ளும் வேலை அல்ல அது.

சார்ஜிங் நிறுவனத்தின் அட்டையையும் காரின் அட்டைச் சாவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். செல்பேசியை மட்டும் நம்பிப் போனால், மலையில் சிக்னல் இருக்காது. இருந்தாலும் நாள் முழுக்க மேல்சட்டைப் பையில் குளிர்ந்த செல்பேசி, கார் பக்கத்தில் வரும்போது சரியாக அணைந்து போகும்.

5. கிளம்பும் காலையும் ஏறும் வழியும்

வீட்டில் பிளக்கில் இருக்கும்போதே காரின் உட்புறத்தைச் சூடாக்கிவிடுங்கள். கிளம்பும் நேரத்தைக் காரில் போட்டு வைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும், பல கார்கள் பேட்டரியையும் சேர்த்துச் சூடாக்கும். முதல் கால் மணி நேரத்தில் ஹீட்டர் ஐந்தாறு கிலோவாட்வரை இழுக்கும், அப்புறம் ஒன்றிரண்டுக்கு இறங்கிவிடும். அந்த முதல் செலவு சுவரிலிருந்து போகட்டும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரி என்றால் கிளம்பும் முன் 100 வரை ஏற்றுங்கள். குளிரில் அது கொஞ்சம் கூடுதலாகவே சோம்பும், சதவீதத்தையும் சரியாகக் காட்டாது.

டயர் காற்றைக் குளிர்ந்த டயரில் பாருங்கள். பத்து டிகிரி குறைந்தால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும். மலைச்சிகரமும் பனிச்செதிலும் பொறித்த குளிர்கால டயர் இல்லாமல் போக வேண்டாம். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்பதெல்லாம் ஏறத்தான் உதவும், பிரேக் போடும்போது டயர்தான் பேசும்.

ஓட்டும்போது ஹீட்டரை அணைத்துவிட்டு நடுங்கிக்கொண்டே போகச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள். சரியாகத் திட்டம் போட்டவருக்கு அந்தத் தவம் தேவையில்லை. இருக்கைச் சூடேற்றியையும் ஸ்டியரிங் சூடேற்றியையும் போட்டுக்கொண்டு, அறை வெப்பத்தை 19-ல் வைத்தால் போதும். இருக்கைக்கு நூறு வாட்டுக்கும் குறைவாகத்தான் செலவு.

பனிப்புயலில் சாலை அடைத்துக்கொண்டால் மின்காரில் உறைந்து போய்விடுவோமே என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. நின்றுகொண்டே உள்ளே சூடாக வைத்துக்கொள்ள மணிக்கு ஒன்று முதல் இரண்டு யூனிட் ஆகும். நாம் தொடாமல் வைத்த 12 யூனிட் ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம்வரை வரும், போர்வை இருந்தால் இன்னும் நீட்டலாம். பெட்ரோல் காரில் புகைக்குழாயைப் பனி மூடி, கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும் அபாயம் உண்டு. நமக்கு அது இல்லை.

6. சுவர் சாக்கெட்டில் ராத்திரி சார்ஜ்

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை இதுதான். பெட்டியை இறக்குவதும் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் கழற்றுவதும் அப்புறம். ஏறி வந்த சூடு பேட்டரியில் இருக்கும்போதே மாட்டினால் மின்சாரம் நேராகச் சார்ஜுக்குப் போகும். மூன்று மணி நேரம் கழித்து மாட்டினால் முதலில் பேட்டரியைச் சூடாக்கவே செலவாகும். காரின் சார்ஜ் மூடி எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கம் சாக்கெட்டுக்கு அருகில் வரும்படி நிறுத்துங்கள்.

எங்கள் இரண்டாவது பயணத்தில் ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். சாக்கெட் இருந்தது, உரிமையாளர் சம்மதமும் இருந்தது. நான் காரை முழு ஆம்பியரில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். அதிகாலை இரண்டு மணிக்குக் குளிர் எழுப்பியது. வீடு முழுக்க இருட்டு. அறை ஹீட்டர், வெந்நீர்த் தொட்டி, கார் மூன்றும் ஒரே இணைப்பில். மூன்றும் ஒரே நேரத்தில் இழுத்ததும் ட்ரிப் ஆகியிருக்கிறது. மெயின் போர்டு பூட்டிய சாமான் அறைக்குள்ளே. உரிமையாளர் போனை எடுக்கவில்லை. விடியும்போது அறையில் 9 டிகிரி, காரில் ஏறியிருந்தது ஆறு யூனிட். அன்றைக்குக் காலை என்னோடு யாரும் பேசவில்லை.

அதற்கு அப்புறம் எந்த வீட்டுச் சாக்கெட்டிலும் நான் 8 ஆம்பியருக்கு மேல் போடுவதில்லை. காரின் திரையிலேயே இதைக் குறைக்கலாம், இல்லாவிட்டால் கைச்சார்ஜரில் ஒரு பொத்தான் இருக்கும். 230 வோல்ட்டில் 8 ஆம்பியர் என்றால் 1.8 கிலோவாட், மாலை ஆறு முதல் காலை ஏழு வரை சுவரிலிருந்து 24 யூனிட். யாருக்கும் குளிராது.

எக்ஸ்டென்ஷன் வயரைப் பெரும்பாலான கார் நிறுவனங்கள் வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. காரணம் இருக்கிறது. இப்படி மணிக்கணக்கில் ஒரே அளவு மின்சாரம் இழுக்கும் கருவிகள் வீட்டில் குறைவு, மெல்லிய வயர் அதைத் தாங்காது. வேறு வழியே இல்லாமல் போட்டால், வெளிப்புறப் பயன்பாட்டுக்கான, குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராக இருக்கட்டும். உருளையில் சுற்றிய வயர் என்றால் கடைசிவரை அவிழ்த்துவிடுங்கள். சுற்றியே இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உருகிவிடும். இணைப்புப் பகுதியைப் பனியில் போடாமல் உயரத்தில் வையுங்கள். கைச்சார்ஜரின் பெட்டி சாக்கெட்டிலிருந்து தொங்கக் கூடாது, அதன் கனமே பிளக்கைத் தளர்த்திவிடும். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தச் சாக்கெட்டை விட்டுவிடுங்கள்.

காலையில் கேபிள் கழன்று வர மறுத்தால் பலம் காட்ட வேண்டாம், வெந்நீரும் ஊற்ற வேண்டாம். அந்தத் தண்ணீர் அடுத்த நிமிடம் பனிக்கட்டியாகும். காரின் உள்சூட்டைப் போட்டுவிட்டு, பூட்டைத் திறந்து மூடித் திறந்து, பத்து நிமிடம் பொறுத்தால் வந்துவிடும். இரவில் அந்த இடத்தின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி வைத்தால் இந்தப் பாடே இல்லை.

7. மேலே இருக்கும் நாட்கள்

பிளக்கில் இல்லாமல் கடுங்குளிரில் ஒரு ராத்திரி நின்ற கார், காலையில் நேற்றைவிடச் சில சதவீதம் குறைவாகக் காட்டும். பதற வேண்டாம். அதில் ஒரு பகுதி உண்மையான செலவு. மீதி, குளிரில் எடுக்க முடியாமல் உள்ளே கிடப்பது. சில கார்களில் பனிச்செதில் குறியோடு அதைத் தனியாகக் காட்டும். ஓடிச் சூடானதும் அது திரும்ப வரும். சுற்றிலும் கேமராவால் காவல் காக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். யாரும் இல்லாத பனிவெளியைப் படம் பிடித்துக்கொண்டு பேட்டரியைத் தின்னும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை செயலியைத் திறந்து சதவீதம் பார்ப்பதும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் தூங்கும் காரை எழுப்புகிறீர்கள்.

லிஃப்டுக்குப் போகும் சின்னச் சின்னப் பயணங்கள்தான் எதிர்பாராத செலவு. காலையில் ஒரு முறை, மதியம் மறந்துவிட்ட கையுறையை எடுக்க ஒரு முறை, மாலை ஒரு முறை என்று போனால், மூன்று முறையும் உறைந்த காரைப் புதிதாகச் சூடாக்குகிறோம். விடுதிப் பேருந்து இருந்தால் அதில் போங்கள்.

இரவு காரை நிறுத்தும் முன் கடைசிச் சில மீட்டர் பிரேக்கை மெல்ல மிதித்துக்கொண்டே வாருங்கள். மின்காரில் பெரும்பாலும் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடும், பிரேக்குக்கு அதிகம் வேலை இல்லை என்பதால், ஈரம் அப்படியே இருந்து இரவில் ஒட்டிக்கொள்ளும்.

பொதுக் கம்பத்தில் போட்டிருந்தால், ஏறி முடிந்ததும் காரை எடுத்துவிடுங்கள். பனியில் இருந்து இறங்கி வர முடியாத நேரம் என்றால், கண்ணாடியில் எத்தனை மணிக்கு வருவேன் என்று ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போகலாம்.

8. இறங்குதல்

இறங்கும் நாளில் இரண்டு தவறுகள் சாதாரணம். ஒன்று, மேலே 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்புவது. இறக்கத்தில் மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்தை வைக்கப் பேட்டரியில் இடம் இருக்காது. இரண்டாவது, பேட்டரி குளிர்ந்திருக்கும்போதே கிளம்புவது. குளிர்ந்த பேட்டரி வேகமாக வாங்கிக்கொள்ளாது என்பது இங்கேயும் பொருந்தும். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வழக்கமாகக் கார் மெதுவாகுமே, அது ஆகாது. ஒற்றை மிதியில் ஓட்டிப் பழகியவருக்கு, பனிமூடிய முதல் வளைவில் இது தெரிய வந்தால் நெஞ்சு அடைத்துவிடும். கிளம்பும் முன் பிளக்கில் வைத்தே சூடாக்குங்கள், எண்பதை ஒட்டி வைத்துக்கொண்டு இறங்குங்கள், முதல் சில கிலோமீட்டர் கால் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும்.

சாலை கண்ணாடி மாதிரி வழுக்கினால், காலை எடுத்ததும் மோட்டார் பிடிக்கும் பிடியைக் காரின் அமைப்புகளில் குறைத்துவிடுங்கள். திடீரென்று காலை எடுக்கும்போது இழுக்கும் சக்கரங்கள் மட்டும் அழுந்திப் பிடித்து வழுக்க வாய்ப்பு உண்டு.

ஞாயிறு மாலை எல்லோரும் ஒன்றாக இறங்குவதால், அடிவாரத்துச் சார்ஜரில் வெள்ளிக்கிழமையைவிடக் கூட்டம் அதிகம் இருக்கும். மேலே இரவு முழுக்கப் பிளக்கில் நின்ற கார் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே கடந்து போகலாம். போன முறை நாங்கள் 74 சதவீதத்தில் கிளம்பி, செங்குத்தான இருபது கிலோமீட்டரை இறங்கி முடித்தபோது திரை 76 காட்டியது. சார்ஜர் முன்னால் ஏழு கார்கள் நின்றன. பின்னிருக்கையில் பிள்ளைகள் எண்ணிச் சொன்னார்கள், நான் நிறுத்தவில்லை.